மடையை அடைத்ததும் திரும்பி நடக்கும் தண்ணீர்

சோழவந்தான் பக்கம் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். ஓடுகிற வாய்க்காலில் சட்டென்று பலகையை இறக்கி மடையை அடைத்தால் தண்ணீர் பலகையோரம் எழும்பும். அப்புறம் அந்த எழும்பல் ஒரு படிபோலக் கிளம்பி, வந்த வழியே திரும்பி நடக்கும்.

எவ்வளவு எழும்பும்? வாய்க்காலில் 20 செ.மீ. ஆழம், வேகம் நொடிக்கு 50 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்தில் படித்த ஆற்றல் கணக்கைப் போட்டால், அந்த வேகம் முழுக்க உயரமாக மாறினாலும் 1.3 செ.மீ.தான் ஏற வேண்டும். உண்மையில் ஏறுவது 8 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு, கிட்டத்தட்ட ஆறு மடங்கு. காரணம், மடை அடைபட்ட சேதி பின்னால் வரும் தண்ணீருக்கு இன்னும் எட்டவில்லை. அது பாட்டுக்கு வந்து முட்டிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சேதியைச் சுமந்து போவதே இந்தப் படிதான்.

சரி, விடையை எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு கணக்கு நேரானால் போதும். ஒன்று, வரவு: 50×20=1000. வந்த தண்ணீர் வேறெங்கும் போகவில்லை, படியின் வேகத்தை எழும்பிய உயரத்தால் பெருக்கினால் அதே எண் வரவேண்டும். இரண்டு, தள்ளல்: ஓடிவந்த நீரை நிறுத்துவது, எழும்பி நிற்கும் ஆழமான நீரின் கூடுதல் அழுத்தம். இரண்டையும் சேர்த்துத் தீர்த்தால் உயர்வு 7.7 செ.மீ., படியின் வேகம் நொடிக்கு 130 செ.மீ. ஆள் நடக்கிற வேகம்!

ஆற்றல் கணக்கில் மட்டும் துண்டு விழும். பெரிய படியில் அது நுரையாகக் கொந்தளித்துத் தீரும், சின்னப் படியில் பின்னால் வரிவரியாகத் தொடரும் சிற்றலைகளில் போகும்.

வைகை போன்ற ஆற்றுக்கு இதே கணக்கைப் போட, 1871இல் பிரெஞ்சுப் பொறியாளர் சான்-வெனான் எழுதிய சமன்பாடுகளைக் கணினியில் ஓட்டுகிறார்கள். ஆற்றைச் சின்னச் சின்னப் பாத்திகளாகப் பிரித்து, பாத்திக்கு ஓர் ஆழம், ஒரு வேகம் என்று கொடுத்து, வரப்பைத் தாண்டும் நீரைக் கணக்கிடும் முறை ரஷ்யக் கணிதர் கொதுனோவ் 1959இல் வெளியிட்டது. வைகை அணை திறந்ததும் அதே ஆண்டுதான்.

எனக்குப் பிடித்த தந்திரம், சுவரைக் கணினிக்குச் சொல்லும் விதம். சுவரென்று எதையும் வைப்பதில்லை. அதற்கு அந்தப் பக்கம் ஒரு பொய்ப் பாத்தி: ஆழம் அதேதான், வேகம் மட்டும் நேர் எதிர்த்திசை. ஒரே மாதிரி இரண்டு வெள்ளம் எதிரெதிராக மோதினால் நடுவில் எதுவும் கடக்காது, சுவர் தானாக வந்துவிடும்.

வறண்ட மணலில் முதல் தண்ணீர் வந்து, மதுரை ஏ.வி. பாலத்தருகே ஆளுயரச் சுவர் ஒன்றில் மோதுவதாக நினைத்துப் பாருங்கள். முதலில் மேலே தெறிக்கும். பாத்திக்கு ஒரே வேகம் வைத்த கணக்குக்கு அந்தத் தெறிப்பு பிடிபடாது. எகிறிய நீர் விழுந்து, படி உருவாகி, ஆற்றின் மேல்பக்கம் இருக்கும் ஆரப்பாளையம் பக்கமாகத் திரும்பி நடக்கத் தொடங்கிய பிறகுதான் எண்கள் மறுபடி பொருந்த ஆரம்பிக்கும்.