மெண்டோசினோவில் ஜூலை மாதம் ஏன் குளிர்கிறது?

வடக்குக் கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 250 கிலோமீட்டர் வடக்கே, பசிபிக் கடலை நோக்கிய பாறை மேட்டின் மீது அமைந்திருக்கிறது மெண்டோசினோ என்னும் சிற்றூர். மக்கள்தொகை ஆயிரத்துக்கும் குறைவு. ஸ்பெயினின் வலென்சியா நகரமும் கிட்டத்தட்ட இதே அட்சரேகையில்தான் இருக்கிறது; ஆயினும் ஜூலையில் வலென்சியாக் கடல் 25 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறும்போது, மெண்டோசினோக் கடல் 10 முதல் 13 டிகிரி வரையில்தான் நிற்கிறது. பகல் வெப்பமும் பெரும்பாலான நாள்களில் 20 டிகிரியைத் தாண்டுவதில்லை. வெயிலுக்குத் தப்பி அமைதியான கடலோரத்தில் சில நாள் தங்க விரும்புவோர் இவ்வூரைத் தேடி வருவதற்கு இந்தக் குளிரே முதற்காரணம் என்பதால், அது எப்படி உண்டாகிறது என்பதை அறிந்துகொண்டு நாள் குறிப்பது நல்லது.

வடக்கிலிருந்து வரும் கலிபோர்னியா நீரோட்டம் குளிர்ந்த நீரைக் கொண்டுவருகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி விடைதான். ஏனெனில் வசந்தத்திலும் கோடையிலும் கரையை ஒட்டிய நீர், பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நடுக்கடல் நீரைவிடவும் குளிர்ந்திருக்கிறது. அப்படியானால் அந்தக் குளிர் வடக்கிலிருந்து மட்டும் வரவில்லை, அடியிலிருந்தும் வருகிறது.

அது எப்படி என்பதற்கான விடை ஆர்க்டிக்கில் தொடங்குகிறது. 1893 முதல் 1895 வரை ‘ஃப்ராம்’ கப்பலில் ஆர்க்டிக் பனியோடு மிதந்து சென்ற நார்வே நாட்டுத் துருவ ஆய்வாளர் நான்சென், மிதக்கும் பனிப்பாளங்கள் காற்று வீசும் திசையிலேயே நகராமல் அதற்குச் சற்று வலப்புறமாக விலகிச் செல்வதைக் கண்டார். இதற்கான கணித விளக்கத்தைச் சுவீடனைச் சேர்ந்த கடலியல் அறிஞர் எக்மன் 1905-இல் வெளியிட்டார். பூமியின் சுழற்சியால், வடகோளத்தில் காற்றால் தள்ளப்படும் மேல்நீர் வலப்புறம் திரும்புகிறது. அதன் கீழுள்ள ஒவ்வோர் அடுக்கும் மேலடுக்கை விடச் சற்றுக் கூடுதலாகத் திரும்புகிறது. எல்லா அடுக்குகளையும் சேர்த்துப் பார்த்தால் நீரின் நிகர நகர்வு காற்றின் திசைக்கு வலப்புறமாகச் செங்கோணத்தில் அமைகிறது. மெண்டோசினோக் கரையில் மார்ச், ஏப்ரல் தொடங்கிக் கோடை முழுவதும் வடமேற்குக் காற்று கரையை ஒட்டி வீசுகிறது. அதன் வலப்புறம் நடுக்கடல். ஆகவே மேல்நீர் கரையை விட்டு விலக, அந்த இடத்தை நிரப்பச் சூரியன் படாத ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலெழுகிறது. காற்று எவ்வளவு விடாமல் வீசுகிறதோ, அவ்வளவு குளிர்ச்சி.

இக்குளிர்நீரின் மீது வரும் ஈரக்காற்று குளிர்ந்து மூடுபனியாகிறது. பசிபிக்கின் உயர் அழுத்த மண்டலத்திலிருந்து கீழிறங்கும் வெப்பக் காற்று அதன் மேல் பானைக்கு மூடி போட்டதுபோல் படிந்துவிடுவதால், பனி மேலே கலைந்து போக வழியில்லை. உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் சூடான காற்று எழும்போது அந்தப் பனி ஆற்று வாய்கள் வழியே உள்ளே இழுக்கப்படுகிறது. கோடைப் பிற்பகலில் உள்நாட்டிலுள்ள பூன்வில் ஊரிலிருந்து 128-ஆம் எண் நெடுஞ்சாலையில் வருவோர் இதைக் கண்ணால் காணலாம்: அங்கே 30-ஐத் தாண்டியிருந்த காரின் வெப்பமானி, நவாரோ ஆற்றோர ரெட்வுட் மரங்களுக்கிடையே இறங்கத் தொடங்கி, கடலை அடைவதற்குள் 15-ஐ நெருங்கிவிடும்; மழையே பெய்யாத நாளில் வைப்பரைப் போட வேண்டியிருக்கும். வடக்குக் கலிபோர்னிய ரெட்வுட் காடு ஒன்றில் டாட் டாசன் நடத்தி 1998-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்தக் காட்டுக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, மரங்களில் படிந்து சொட்டும் பனிநீரே.

ஆழ்கடல் நீர் குளிரோடு நைட்ரேட் போன்ற ஊட்டங்களையும் கொண்டுவருவதால்தான் கடல் வற்றும்போது இக்கரையின் பாறைகளிடையே தேங்கும் குட்டைகளில் நட்சத்திர மீன்களும் கடல் சாமந்திகளும் செழித்திருக்கின்றன. ஆனால் 2013-இல் பரவத் தொடங்கிய நட்சத்திர மீன் நோயும், 2014 முதல் 2016 வரை நீடித்த கடல் வெப்ப அலையும் இந்த வளத்தைக் கடுமையாகக் குலைத்தன. தம்மை உண்ணும் நட்சத்திர மீன்கள் அருகியதால் கடல் முள்ளெலிகள் பெருகிக் கெல்ப் என்னும் பெரும் பாசிக் காடுகளை மேய்ந்துவிட, உணவிழந்த செவ்வபலோன் என்னும் கடல் நத்தைகளை எடுப்பதற்கு 2018-இலிருந்து தடை இருக்கிறது.

குட்டைகளைக் காண விரும்புவோர் விடுதியை முன்பதிவு செய்வதற்கு முன்பே கடல் ஏற்றவற்ற அட்டவணையைப் பார்க்க வேண்டும். இக்கரையில் நாளொன்றுக்கு இரண்டு ஏற்றமும் இரண்டு வற்றமும் உண்டு. ஆனால் இரண்டு வற்றமும் ஒரே அளவாக இருப்பதில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் மிகத் தாழ்ந்த வற்றம், வசந்தத்திலும் கோடையிலும் அதிகாலையில் அமைகிறது; குளிர்காலத்தில் பிற்பகலில் அமைகிறது. கோடையில் போகிறவர் ஐந்து, ஆறு மணிக்கே பனியில் நடக்கத் தயாராக இருக்க வேண்டும். ஒரு தடித்த கம்பளிச் சட்டையை விட, ஒன்றன்மேல் ஒன்றாக அணியும் மெல்லிய உடைகளும் காற்றுத் தடுப்பு மேலங்கியும் பயன்படும். கடலுக்கு முதுகைக் காட்டி நிற்பது மட்டும் கூடவே கூடாது. அமைதியாகத் தெரியும் கடலிலிருந்து முன்னறிவிப்பின்றி எழும் பேரலைகள் இந்தக் கரையில் உயிர்களைக் கொண்டுபோயிருக்கின்றன.

தெளிந்த வானமே வேண்டுமென்றால் செப்டம்பர், அக்டோபரே சிறந்தவை: வடமேற்குக் காற்று தளர்வதால் கீழ்நீர் எழுவது குறைந்து, கடலோரம் ஆண்டிலேயே இதமாக இருக்கும் காலம் அது. சாம்பல் திமிங்கலங்கள் தெற்கே செல்வதைக் காண டிசம்பர், ஜனவரியில் போகலாம்; அப்போது மழை மிகுதி. குளிருக்காகவே போகிறவர்களுக்கு, பனி மூடினாலும், ஜூன், ஜூலையைத்தான் நான் சொல்வேன். பனி சலித்துவிட்டால், பூன்வில் பக்கம் ஒரு மணி நேரம் காரோட்டினால் போதும், வெயில் கிடைத்துவிடும்.