ஹைட்ரஜன் அழுத்தத்தைக் கூட்டும் முன் வெப்பக் கணக்கு

பாட்ச் (ஒரு தடவைத் தயாரிப்பு) தாமதமானால் பல ஆலைகளில் முதலில் செய்வது, ஹைட்ரஜன் அழுத்தத்தை 5 பாரிலிருந்து 10 பாருக்கு ஏற்றுவது. ஹைட்ரஜன் சேர்த்து நைட்ரோபென்சீனை அனிலினாக்கும் ரியாக்டரில் இது ஆபத்தான வேலை. ஏன் என்பதை வெப்பச் சமன்பாடு சொல்லிவிடும்.

மொத்தம் 2000 கிலோ கலவை. அதில் 246 கிலோ, அதாவது 2000 மோல், நைட்ரோபென்சீன். மீதி மெத்தனாலும் வினையூக்கியும். ஒரு மோலுக்குச் சுமார் 550 கிலோஜூல் வெப்பம் வெளியாகும். மொத்தம் 11 லட்சம் கிலோஜூல். கலவையின் தன்வெப்பம் (ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான வெப்பம்) 2.7 கிலோஜூல் என்றால், குளிர்விப்பே இல்லாத நிலையில் வெப்பநிலை 200 டிகிரிக்கு மேல் உயரும். மெத்தனால் கொதிப்பதோ வளிமண்டல அழுத்தத்தில் 65 டிகிரியில்.

நான்கு மணி நேரத்தில் வினை சீராக முடிந்தால் வெளிவரும் வெப்பம் 76 கிலோவாட். கலவையைக் கிளறும் அஜிடேட்டர் தருவது இன்னொரு 4. இதைப் பலர் சேர்ப்பதே இல்லை. ரியாக்டரைச் சுற்றிக் குளிர்நீர் ஓடும் ஜாக்கெட்டின் பரப்பு 7 சதுர மீட்டர், வெப்பக் கடத்துக் குணகம் சதுர மீட்டருக்கு, டிகிரிக்கு 300 வாட், உள்ளே 50 டிகிரி, ஜாக்கெட் நீர் 10 டிகிரி என்றால் வெளியே போவது 84 கிலோவாட். கையிருப்பு வெறும் 4. சுவரில் படிவு சேர்ந்து குணகம் 200 ஆனால் 56தான் போகும். பழைய வேகத்துக்கே அது போதாது.

இப்போது அழுத்தம். பெரிய ரியாக்டரில் வினையின் வேகத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வினையூக்கி அல்ல, வாயுவிலிருந்து திரவத்துக்குள் ஹைட்ரஜன் கரையும் வேகம். அழுத்தம் இரட்டித்தால் கரைதிறனும் ஏறக்குறைய இரட்டிக்கும், வெப்பமும் அப்படியே. ஜாக்கெட்டுக்கு அது தெரியாது. 156 உள்ளே, 84 வெளியே: மிச்சம் 72 கிலோவாட். கலவையோடு ரியாக்டரின் இரண்டு டன் எஃகையும் சேர்த்தால் டிகிரிக்கு 6400 கிலோஜூல்; ஆக நிமிடத்துக்கு 0.7 டிகிரி ஏற்றம். அஜிடேட்டரை அதிக ஆர்பிஎம்முக்கு மாற்றினாலும், நல்ல இம்பெல்லர் (கிளறும் இறக்கை) போட்டாலும் ஹைட்ரஜன் வேகமாகக் கரையும், இதே விளைவுதான். ஆலைத் தரவை மட்டும் வைத்துப் பொருத்திய மாடல் இதைக் காட்டாது. கரைதல் தடுத்து வைத்திருக்கும் உண்மையான வினைவேகம் அதில் மறைந்திருக்கும்.

வெப்பநிலைமானியை மட்டும் நம்பாதீர்கள், அது பின்தங்கிச் சொல்லும். ஹைட்ரஜன் ஃப்ளோமீட்டர்தான் நேரடிச் சாட்சி. ஒரு நார்மல் கன மீட்டர் (0 டிகிரி, வளிமண்டல அழுத்தத்தில் அளந்தது) ஹைட்ரஜன் சுமார் 8.2 மெகாஜூல் வெப்பம். மணிக்கு 33 கன மீட்டர் ஓடினால் ஏறக்குறைய 75 கிலோவாட். ஜாக்கெட்டின் திறனிலிருந்து ஓட்டத்துக்கு உச்சவரம்பு கணக்கிட்டு, அதைத் தாண்டினால் வால்வு தானே மூடும்படி இன்டர்லாக் வையுங்கள். அஜிடேட்டர் நின்றாலும் குளிர்நீர் நின்றாலும் அதே வால்வு மூட வேண்டும்.

நின்ற அஜிடேட்டரை ஹைட்ரஜன் அழுத்தத்திலேயே மறுபடி ஓட விடக் கூடாது. அடியில் படிந்த வினையூக்கி ஒரே நேரத்தில் எழுந்து, ஹைட்ரஜன் உறிஞ்சல் திடீரென ஏறும். ஹைட்ரஜனை வெளியேற்றி, நைட்ரஜன் நிரப்பி, கிளறலைத் தொடங்கிய பிறகே அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றவும். ஹைட்ரஜனை நிறுத்திவிட்டால் எல்லாம் அடங்கிவிட்டது என்றும் எண்ண வேண்டாம்: இடைப்பொருளான ஃபீனைல்ஹைட்ராக்சிலமைன் சேர்ந்திருந்தால், ஹைட்ரஜன் இல்லாமலே வெப்பம் விட்டுச் சிதையும். அது எவ்வளவு சேர்கிறது என்பதை வினைக் கலோரிமானியில் முன்பே அளந்திருக்க வேண்டும்; அந்த வெப்பம் அடங்கும்வரை குளிர்நீரை நிறுத்தாதீர்கள்.

எங்கள் பரிந்துரை, நைட்ரோபென்சீனை மொத்தமாகப் போடாமல் ஹைட்ரஜனும் வினையூக்கியும் உள்ள மெத்தனாலில் சிறிது சிறிதாகச் செலுத்துவது. ஊட்டுவதை நிறுத்தினால் அதன்பின் வெப்பம் தரக் கிடைப்பது உள்ளே வினைபுரியாமல் மிஞ்சிய சிறிதளவுதான்.