நெட்வொர்க் ஸ்கேன் ஓடுது, அம்மாவோட ஃபோன் கால் போகமாட்டேங்குது

"டெக்னீஷியன் வந்து பார்த்துட்டுப் போயிட்டாருண்ணே. லைன்ல ஒண்ணுமில்லேங்கிறாரு. அப்பா பாக்குற யூடியூப் நிக்காம ஓடுது. அம்மா ஊருக்குப் போடுற கால் மட்டும் போகவே மாட்டேங்குது."

வாடிக்கையாளரின் அனுமதியோடு அவருடைய கணினிகளில் ஓட்டை தேடுவது எங்கள் குழுவின் வேலை. அதில் புதிதாகச் சேர்ந்த தம்பி சொன்னது இது. சிங்கப்பூர் செங்காங்கில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, ஒரு ஜிகாபிட் ஃபைபர். எத்தனை மணிக்கு இப்படி ஆகிறது என்று கேட்டேன். ராத்திரி ஒன்பதுக்கு மேலாம். வாடிக்கையாளர் தன் சர்வர்களை ஸ்கேன் செய்ய, அதாவது எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க, எழுதிக் கொடுத்திருந்த நேரமும் ஒன்பதுக்கு மேல்தான். தம்பி அதை வீட்டிலிருந்தே ஓட்டுகிறான். டெக்னீஷியன் வந்ததோ பகலில்.

இந்தத் தொல்லையில் லைனின் வேகத்தைப் பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். ஸ்கேன் அனுப்பும் தரவுப் பாக்கெட் ஒவ்வொன்றும் பொடிசு. நொடிக்கு 1,000 அனுப்பினாலும் அரை மெகாபிட் வந்தால் அதிகம். ஆனால் வெளியே போகும் ஒவ்வொரு இணைப்பையும் ரூட்டர் ஓர் அட்டவணையில் எழுதிவைக்கிறது. பதில் வந்தால் வீட்டில் யாரிடம் கொடுப்பது என்று அதற்குத் தெரிய வேண்டுமே.

மத்தியானம் தேக்கா நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். மேசைக்கு மேசை டிஷ்யூ பாக்கெட் வைத்து 'சோப்' பண்ணியிருப்பார்கள், அதாவது இடம் பிடித்திருப்பார்கள். உட்கார்ந்திருக்க ஆளில்லை, தட்டோடு நிற்பவருக்கு இடமுமில்லை. பதில் வராத ஸ்கேன் பாக்கெட் ஒவ்வொன்றும் அப்படி ஒரு டிஷ்யூ. ஏற்கெனவே உட்கார்ந்து சாப்பிடுகிற அப்பாவின் யூடியூப்புக்குக் கவலையில்லை. தட்டோடு நிற்பது அம்மாவின் கால்.

லினக்ஸில் ஓடும் ரூட்டர்களில் பதில் வராத டிசிபி (இணையத்தின் வழக்கமான இணைப்பு முறை) இணைப்பு வழக்கமாக 120 நொடி அட்டவணையில் கிடக்கும். 16,384 இடமுள்ள அட்டவணை, நொடிக்கு 1,000 வீதம், 17 நொடியில் நிரம்பிவிடும். தம்பி என்மேப் என்ற ஸ்கேன் மென்பொருளில் கொடுத்திருந்ததோ 254 முகவரி, தலா 1,000 போர்ட் (கதவு). இரண்டரை லட்சம் தட்டல். பழையதைத் தள்ளிவிட்டு இடம் கொடுக்கப் பார்க்கும் ரூட்டரும் உண்டுதான். அந்த வேலையிலேயே அதன் சின்ன சிப்புக்கு மூச்சு வாங்கும். எதிர்முனை 'இங்கே இல்லை' என்று முகத்தில் அடித்தாற்போல் பதில் சொன்னால் இடம் சீக்கிரம் காலியாகிவிடும். வருவதைத் தடுத்துவிட்டு வாயே திறக்காத ஃபயர்வால்தான் நமக்குச் சனி.

ரூட்டரை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும், அட்டவணை அழிந்துவிடுகிறதே! அதனாலேயே ரூட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தம்பி புதிதும் வாங்கிவிட்டான். பாவம், காசு போனது.

நொடிக்கு 50 என்று கட்டுப்படுத்தச் சொன்னேன். அப்போது ஒரே சமயத்தில் 6,000 இடம்தான் போகும். ஸ்கேன் முடிய ஒன்றரை மணி நேரம், மறுபடி தட்டுவதையும் சேர்த்தால் இன்னும் கூடும். அலுவலக விபிஎன் (எல்லாவற்றையும் ஒரே குழாயில் அனுப்பும் இணைப்பு) வழியாக ஓட்டுவது இதைவிட நல்லது. வீட்டு ரூட்டர் கண்ணுக்கு எல்லாம் சேர்ந்து ஒரே இணைப்புதான். சொந்தமாகத் தொழில் தொடங்கும் எண்ணமுள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: 2022 ஏப்ரல் முதல் சிங்கப்பூரில் இப்படி ஓட்டை தேடும் ஊடுருவல் சோதனையைச் சேவையாக விற்க உரிமம் வேண்டும்.

வீட்டில் யாரும் ஸ்கேன் செய்யாமலே இதே கோளாறு வந்தால் கேமராமீது கண் வையுங்கள். 2016-ல் பரவிய மிராய் என்ற தீநிரல், வீட்டுக் கேமராக்களுக்குள் புகுந்து அங்கிருந்தே ஊர் உலகத்தின் டெல்நெட் (தொலைவிலிருந்து உள்நுழையும் வழி) போர்ட்டைத் தட்டிக்கொண்டிருந்தது. ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தில் இணைப்பு எண்ணிக்கை தெரிந்தால், அதைப் பார்த்தபடியே கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியபின் ஓரிரு நிமிடத்தில் எண் மளமளவென்று இறங்குகிறதோ, அதுதான் ஆள்.