பாட்காஸ்ட்: வலையொலி என்றால் சரியா?

பாட்காஸ்ட் என்பதற்குத் தமிழ், வலையொலி. தொடராக வெளிவரும் ஒலிக்கோப்புகள், அவற்றை வரிசைப்படுத்திக் காட்டும் ஓர் ஓடை (ஃபீட்), அந்த ஓடையைப் பின்தொடர்பவரின் கருவிக்குப் புதிய பகுதி தானே வந்து சேரும் ஏற்பாடு ஆகிய மூன்றும் கூடினால்தான் அது வலையொலி. கோப்பு மட்டும் இருந்தால் அது ஒலிப்பதிவு. குறித்த நேரத்தில் ஒலித்து அந்த நேரத்தோடு முடிந்துபோனால் இணைய வானொலி. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் எந்தத் தமிழ்ச்சொல் பொருந்தும், எது பொருந்தாது என்ற வழக்கில் பாதி தீர்ந்துவிடும்.

பெயர் வந்த வழி

இந்தச் சொல்லை முதலில் அச்சில் எழுதியவர் பத்திரிகையாளர் பென் ஹேமர்ஸ்லி. 2004 பிப்ரவரி 12 அன்று பிரிட்டனின் கார்டியன் இதழில், எம்பி3 கருவிகளும் மலிவான ஒலித்தொகுப்பு மென்பொருளும் வலைப்பதிவும் சேர்ந்து புதுவகை வானொலி ஒன்றை உருவாக்கிவருவதைப் பற்றி எழுதினார். இதை என்னவென்று அழைப்பது என்று கேட்டு ஆடியோபிளாகிங், பாட்காஸ்டிங், கெரில்லா மீடியா என மூன்று பெயர்களைப் போகிறபோக்கில் எழுதிவைத்தார். கட்டுரைக்கு ஒரு வரி குறைகிறது என்று கேட்டதால் இட்டு நிரப்பிய வரி அது என்று பின்னாளில் அவரே சொன்னார். அடுத்த ஆண்டே, 2005இல், நியூ ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்க அகராதி பாட்காஸ்ட்டை அவ்வாண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது.

முன்பாதியான 'பாட்', ஆப்பிள் 2001 அக்டோபரில் வெளியிட்ட ஐபாடிலிருந்து வந்தது. ஐபாடுக்குப் பெயர் கொடுத்தவர் வின்னி சியேக்கோ என்ற விளம்பர எழுத்தாளர். கணினியைத் தாய் விண்கலமாகவும், அதிலிருந்து பிரிந்து சென்று மீண்டும் வந்து சேரும் சிறுகலமாக இந்தக் கருவியையும் அவர் கண்டார். 'போர்ட்டபிள் ஆன் டிமாண்ட்' என்பதன் சுருக்கம்தான் பாட் என்று சிலர் விளக்குவது பிறகு ஒட்டவைத்த கதை. பெயர் கொடுத்த கருவியோ 2022 மே மாதத்தோடு விற்பனையிலிருந்து விடைபெற்றுவிட்டது.

பின்பாதியான 'காஸ்ட்', பிராட்காஸ்ட்டின் வால். வானொலி வருவதற்கு முன் பிராட்காஸ்ட் உழவர் சொல்: வரிசை பிடிக்காமல் விதையைக் கையால் அள்ளி வயலெங்கும் தூவுவது. 1920களில் வானொலி அதை எடுத்துக்கொண்டது. தமிழ் 'ஒலிபரப்பு' என்றபோது கிட்டத்தட்ட அதே படிமத்தைத்தான் தொட்டது. இன்னொரு தற்செயலும் உண்டு. ஆங்கிலத்தில் பாட் என்றால் பயறு, அவரை போன்றவற்றின் விதை பொதிந்த நெற்று. ஆக, சொல்லைப் பிரித்துப் பார்த்தால் ஒரு பக்கம் நெற்று, மறுபக்கம் விதைப்பு. யாரும் திட்டமிட்டது அல்ல. ஆனால் படிமம் தொழிலுக்குப் பொருந்தவில்லை. வலையொலியில் யாரும் எதையும் தூவுவதில்லை. விதை களஞ்சியத்தில் இருக்கிறது, வேண்டியவர் வேண்டியபோது வந்து எடுத்துக்கொள்கிறார்.

சொல்லுக்கு முன்பே பிறந்த பொருள்

பெயர் 2004இல் வந்தாலும் பொருள் அதற்கு முன்பே இருந்தது. வலைப்பதிவில் புதிய இடுகை வந்ததை அறிவிக்கும் ஓடை வடிவத்தில், மின்னஞ்சலோடு கோப்பை இணைப்பதுபோல ஒலிக்கோப்பையும் இணைக்கும் வசதியை மென்பொருளாளர் டேவ் வைனர் 2000ஆம் ஆண்டின் இறுதியில் சேர்த்தார். 2003இல் வானொலிச் செய்தியாளர் கிறிஸ்டபர் லைடன் எடுத்த நேர்காணல்கள் அந்த வகை ஓடையில் தொடராக வந்தன. வலைப்பதிவும் அரசியலும் பற்றிய பேச்சுகள் அவை. எம்டிவி இசைத் தொலைக்காட்சியின் முன்னாள் தொகுப்பாளர் ஆடம் கரி, ஓடையில் வரும் கோப்புகளை ஐபாடுக்குத் தானே ஏற்றும் ஐபாடர் என்ற நிரலை 2004இல் முன்னெடுத்தார். அரசியல் பேச்சும் இசைக்காரர்களும் தொட்டிலிலேயே இருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். 2005 ஜூனில் ஐட்யூன்ஸ் 4.9 பதிப்பு பாட்காஸ்ட்டைத் தனிப் பகுதியாகச் சேர்த்தபோது சொல் பொதுமக்களிடம் போய்ச் சேர்ந்தது.

அந்த ஓடை வடிவத்துக்கு ஆங்கிலப் பெயர் ஆர்எஸ்எஸ். அரசியல் வலையொலியின் குறிப்பில் 'எங்கள் ஆர்எஸ்எஸ் இணைப்பு' என்று எழுதினால் படிப்பவரின் புருவம் உயரும். ஓடை என்றே எழுதுங்கள்.

தமிழில் எது?

வலையொலிபரப்பு, இணைய ஒலிபரப்பு ஆகியவை பொருந்தா. பரப்பு என்றாலே ஒரே நேரத்தில் எல்லோருக்கும் போய்ச் சேர்வது. அது வெப்காஸ்ட்டுக்குரிய பொருள். ஒலிப்பதிவு, குரல்பதிவு இரண்டும் தனிக்கோப்பைக் குறிப்பவை. அலைபேசியில் அனுப்பும் குரல்செய்தியைக்கூட இன்று குரல்பதிவு என்கிறோம். கேட்பொலி என்பது ஆடியோவுக்குப் பொதுப்பெயர், ஆகவே தொடர் என்ற பொருள் அதில் இல்லை.

வலையொலி நிலைத்ததற்குக் காரணம் அதன் குடும்பம். வானொலி, வலைப்பூ, வலைப்பதிவு எல்லாம் ஏற்கெனவே நாவில் இருந்தன. வான் போய் வலை வந்தது, அவ்வளவே. வலை + ஒலி சேரும்போது ஐகார ஈற்றின் பின் உயிர் வருவதால் யகர உடம்படுமெய் தோன்றி வலையொலி ஆகிறது; நன்னூலின் 'இ ஈ ஐ வழி யவ்வும்' விதி இது. வலைஒலி என்றும் வலை ஒலி என்றும் எழுதுவது தவறு. அதைவிட அடிக்கடி காணும் பிழை வலையொளி. ஒலி காதுக்கு, ஒளி கண்ணுக்கு.

பிற மொழிகள் இதே சிக்கலை எப்படித் தீர்த்தன என்று பார்ப்பது பயன்தரும். கனடாவின் கியூபெக் மாகாணப் பிரெஞ்சுமொழி அலுவலகம் 2004லேயே, கையில் கொண்டுசெல்லும் இசைக்கருவியின் பெயரையும் ஒலிபரப்பையும் கலந்து பாலாடோடிஃப்யூசியோன் என்று ஆக்கியது. ஐஸ்லாந்து மொழியில் வானொலி ஊத்வார்ப்; அதன் தலையை மட்டும் மாற்றி, கோப்பை ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் வழங்கும் சொல்லைப் பொருத்தி ஹ்லாத்வார்ப் என்றார்கள். தமிழ் செய்ததும் ஐஸ்லாந்தின் வேலையே. ஆனால் ஐஸ்லாந்துச் சொல்லில் 'இறக்கி வைத்துக் கேட்பது' என்ற பொருள் தங்கியிருக்கிறது. வலையொலியில் அது இல்லை. இணைய வானொலியையும் வலையொலி என்று சொல்லிவிடலாம் என்பதே இச்சொல்லின் உண்மையான குறை. குழப்பம் வருமிடத்தில் 'வலையொலித் தொடர்' என்றால் போதும். சுவையான செய்தி: ஆப்பிளின் வணிகப்பெயரை ஒட்டியிருக்கிறதே என்று ஆங்கிலத்திலேயே சிலர் நெட்காஸ்ட் என்று மாற்றிப் பார்த்தார்கள். அங்கே அது எடுபடவில்லை. தமிழின் வலையொலி உண்மையில் அந்த நெட்காஸ்ட்டுக்குத்தான் நேர்.

காட்சியோடு வருவதை என்ன சொல்வது? 'காணொளி வலையொலி' தன்னோடு தானே முரண்படும் தொடர். உரையாடலைப் படம்பிடித்து ஒரு தளத்தில் மட்டும் ஏற்றினால் அது காணொளித் தொடர். அதன் ஒலியைத் தனியாக ஓடையில் விட்டால், ஓடையில் இருப்பது வலையொலி.

ஆங்கிலச் சொல்லையே எழுதுவோருக்கு எழுத்துக்கூட்டல் சிக்கல் உண்டு. பாட்காஸ்ட், பாட்கேஸ்ட், பொட்காஸ்ட் மூன்றும் புழங்குகின்றன. கேஸ்ட் அமெரிக்க ஒலிப்பு, காஸ்ட் பிரிட்டன் ஒலிப்பு. முதலசையில் தமிழ்நாட்டு வழக்கு டாக்டர் போல ஆகாரத்தையும் ஈழ வழக்கு டொக்டர் போல ஒகரத்தையும் பிடித்துக்கொள்கின்றன. அவரவர் வழக்குக்குள் இரண்டும் சரி. ஒரே பக்கத்தில் இரண்டையும் கலப்பதுதான் தவறு.

சப்ஸ்கிரைப் என்பதற்குச் சந்தா என்று எழுதாதீர்கள். சந்தா என்றாலே பணம். ஆங்கிலத்திலும் இதே தொல்லை இருந்ததால் 2021இல் ஆப்பிள் தன் செயலியில் சப்ஸ்கிரைப் பொத்தானை ஃபாலோ என்று மாற்றியது. பின்தொடர் என்பதே இலவச வலையொலிக்கு உரிய சொல். எபிசோடு: பகுதி. சீசன்: பருவம். நடத்துபவர்: வலையொலியர். ஷோ நோட்ஸ்: பகுதிக்குறிப்பு. டிரான்ஸ்கிரிப்ட்: எழுத்துப்படி.

மூன்று வகை, மூன்று சிக்கல்

அரசியல், நடன இசை, வட்டார வரலாறு என மூன்று வகை வலையொலிகளை எடுத்துக்கொள்வோம். அரசியல் வலையொலியில் கமென்டரி என்பதை விமர்சனம் என்று பெயர்க்கும் பழக்கம் உண்டு. விமர்சனத்தில் குறைகாணும் தொனி ஏறிவிட்டது. வர்ணனை விளையாட்டுக்குப் போய்விட்டது. அலசல் அல்லது கருத்துரை பொருந்தும். இவ்வகையில் பெரிய பிழை 'நேற்று', 'இந்த வாரம்' என்று பேசுவது. கேட்பவர் எட்டு மாதம் கழித்துக் கேட்கலாம். பதிவுசெய்த தேதியை முதல் அரை நிமிடத்துக்குள் சொல்லிவிட வேண்டும். தவறான தகவல் போய்விட்டால் கோப்பை மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஏற்கெனவே இறக்கியவரிடம் பழைய கோப்பே இருக்கும். ஓடை அதை மீண்டும் இறக்கச் சொல்லாது. ஆகவே கோப்பையும் மாற்றி, பகுதிக்குறிப்பிலும் எழுதி, அடுத்த பகுதியின் தொடக்கத்தில் வாயாலும் திருத்தம் சொல்ல வேண்டும். கோப்பை மாற்றும்போது ஓடையில் அந்தப் பகுதிக்கு இருக்கும் அடையாளக்குறியை மாற்றிவிடக் கூடாது. மாற்றினால் அதே பகுதி இரண்டாம் முறை புதிதாக வந்து நிற்கும். சேவையகம் மாறும்போது எல்லாக் குறிகளும் மாறிப்போய், நூறு பழைய பகுதிகள் ஒரே நாளில் கேட்பவர் கருவியில் கொட்டுவது இதனால்தான்.

நடன இசை வலையொலியின் கதை வேறு. நடன இசை என்றதும் தமிழ்க் காதுக்கு மிருதங்கமும் நட்டுவாங்கமும் கேட்கும். ஹவுஸ், டெக்னோ வகைகளைச் சொல்ல 'மின்னணு நடன இசை' என்று முழுதாகச் சொல்வது தெளிவு. இங்கே பேச்சு குறைவு; ஒரு டிஜே பாடல்களை இடைவெளியின்றிக் கோத்த ஒருமணி நேரக் கோவையே ஒரு பகுதி. பேச்சுக்கு விநாடிக்கு 64 கிலோபிட், ஒற்றைத்தடம் (மோனோ) போதும், மணிக்கு 28.8 மெகாபைட். இசைக்கு இது ஆகாது. சிம்பலின் ஓசை தண்ணீருக்குள் கேட்பதுபோலக் கரகரக்கும். 192 கிலோபிட், இரட்டைத்தடம் (ஸ்டீரியோ) வேண்டும், மணிக்கு 86.4 மெகாபைட். பேச்சுக்கென்று செயலிகள் வைத்திருக்கும் வசதிகளும் இசையைக் கெடுக்கும். ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்பவருக்கு நிமிடத்துக்கு 124 தாள அடி கொண்ட ஹவுஸ் 186 அடியாக ஓடும். அமைதியை வெட்டும் வசதி, தாளம் அடங்கிக் காத்திருக்கும் இடத்தையே விழுங்கிவிடும். பகுதிக்குறிப்பின் முதல் வரியில் 'இயல்பு வேகத்தில் கேட்கவும்' என்று எழுதிவைப்பது வீணல்ல. ஒலியளவை −16 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி உரப்பின் அலகு) அளவிலும் உச்சத்தை −1 டெசிபெலுக்குக் கீழும் வைக்க வேண்டும். நடன இசைத்தட்டுகள் இதைவிடப் பல டெசிபெல் உரக்கவே வருவதால், குறைக்காமல் விட்டால் அரசியல் பேச்சைக் கேட்டுவிட்டு இதற்கு வருபவர் காதுக்கருவியைக் கழற்றி எறிவார்.

சொல்லின் பொருள் சட்டத்தோடு மோதுவதும் இந்த வகையில்தான். ஒரு பாடலில் இசையமைப்புக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு இன்னொன்று. வானொலி நிலையத்தின் ஒலிபரப்பு உரிமம், நிரந்தரமாக இறக்கிவைக்கும் பிரதியைப் பொதுவாக அனுமதிப்பதில்லை. அதனால் பல இசைக்கோவைகள் மிக்ஸ்கிளவுட் போன்ற உரிமம் பெற்ற தளங்களில் கேட்க மட்டும் கிடைக்கின்றன, திறந்த ஓடை இருப்பதில்லை. பெயர்ப்பலகையில் பாட்காஸ்ட் என்றிருந்தாலும் முதல் பத்தியின் இலக்கணப்படி அவை வலையொலி ஆகமாட்டா.

வட்டார வரலாறு எளிது. பிராந்தியம் என்பதைவிட வட்டாரம் பேச்சில் பழகிய சொல். ஓர் ஊரை மட்டும் பேசினால் ஊர் வரலாறு. ஓடையில் 'தொடர் வகை' என்று குறித்தால் செயலி முதல் பகுதியிலிருந்து காட்டும்; குறிக்காவிட்டால் கடைசிப் பகுதி மேலே நிற்கும். அரசியலுக்கு அது சரி, வரலாற்றுக்கு ஆகாது. ஊர்ப்பெயர், ஆட்பெயர் எல்லாவற்றையும் பகுதிக்குறிப்பில் எழுத்தில் தர வேண்டும். ல, ள, ழ மூன்றையும் பிரித்துச் சொல்லும் வாய்களும் கேட்கும் காதுகளும் குறைவு. காதால் கேட்டவர் தேடுபொறியில் தப்பாகத் தட்டி வேறெங்கோ போய்விடுவார். சான்று காட்டுகையில் 'பதினேழாம் நிமிடத்தில்' என்பதை நம்பாதீர்கள். இறக்கும்போது விளம்பரம் செருகும் சேவைகளில் ஆளுக்கு ஆள் நிமிடம் மாறும்.

தமிழ் எழுத்தால் வரும் தொல்லைகளும் சில உண்டு. ஓடையில் மொழிக்குறியை ஆங்கிலம் என்றே விட்டுவிட்டால் தமிழில் தேடுவோர் பட்டியலில் தொடர் வராமல் போகலாம். கோப்புப்பெயரைத் தமிழில் வைத்தால் இணைய முகவரியில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டாகி, ஒன்பது எழுத்துகளாக நீளும். உயிர்மெய்யில் பெரும்பாலும் மெய்க்கும் உயிர்க்குறிக்கும் தனித்தனி ஒன்பது. சில செயலிகள் அதில் தடுக்கி விழும். கோப்புப்பெயருக்கு எண் போதும். தமிழ்த் தலைப்பை ஓடையில் தாருங்கள். அட்டைப்படம் 1400 முதல் 3000 படப்புள்ளி வரை சதுரமாக இருக்கலாம், ஆனால் கேட்பவர் பார்ப்பது விரல்நகம் அளவில். அந்த அளவில் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. தலைப்பை மூன்று சொல்லுக்குள் நிறுத்தி, புள்ளியைத் தடிப்பாக வரைந்து, படத்தைச் சிறிதாக்கிப் பார்த்த பிறகே ஏற்றுங்கள்.