மங்கும் கரும்புள்ளியும்: சீரற்ற தோல் நிறத்திற்கு எளிய பராமரிப்பு

கன்னத்தில் படரும் மங்கு என்னும் கருந்திட்டையும், பரு ஆறிய இடத்தில் தங்கிவிடும் கரும்புள்ளியையும் அழுக்கு என்று எண்ணித் தேய்த்துக் கழுவுவோர் பலர். அந்தக் கருமை தோலின்மேல் ஒட்டியிருப்பதன்று. மேல்தோலின் அடியடுக்கில் இருக்கும் மெலனோசைட் செல்கள், டைரோசினேஸ் என்னும் நொதியின் துணையுடன், தோலுக்கு நிறம் தரும் மெலனினை உருவாக்கி, ஒவ்வொன்றும் தன்னைச் சூழ்ந்த ஏறத்தாழ 36 செல்களுக்கு அதை வழங்குகின்றன. ஒளி, ஹார்மோன் மாற்றம், அழற்சி ஆகியவை இந்த உற்பத்தியைத் தூண்டுகின்றன. அழுத்தித் தேய்ப்பது அழற்சியை வளர்க்குமாதலால், அதனால் கருமை கூடவே செய்யும்.

ஆகவே, மற்ற எந்தக் கிரீமைக் காட்டிலும் முதன்மையானது சன்ஸ்கிரீன்தான். வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு அது தேவையில்லை என்பது சரியன்று. ஜன்னல் கண்ணாடி, வெயிலின் புற ஊதாக் கதிர்களுள் யுவிபி வகையைப் பெரும்பாலும் தடுத்தாலும், யுவிஏ வகையில் கணிசமான பகுதியை உள்ளே விட்டுவிடுகிறது. அதைவிடக் குறைவாக அறியப்பட்ட செய்தி ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் நீலப் பகுதியும், ஆப்சின்-3 என்ற ஒளியுணர் புரதத்தின் வழியாக மெலனோசைட்டைத் தூண்டி, மாநிறத்திலும் கருநிறத்திலும் அமைந்த தோலில் நெடுநாள் நீடிக்கும் கருமையை உண்டாக்குகிறது. நிறமற்ற சன்ஸ்கிரீன்கள் இந்த ஒளியைப் போதுமான அளவு தடுப்பதில்லை. இரும்பு ஆக்சைடு கலந்த, தோலின் நிறத்தையொத்த சன்ஸ்கிரீன்கள் தடுக்கின்றன. மங்கு உள்ளவர்கள் எஸ்பிஎஃப் (வெயில் காப்பு அளவு) 30 அல்லது அதற்கு மேற்பட்ட இவ்வகையையே தேர்ந்தெடுப்பது நல்லது. முகத்துக்கும் கழுத்துக்கும் இரு விரல்களின் நீளத்துக்குப் பிதுக்கிய அளவு தேவை. வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும்.

இரவில் மென்மையான ஃபேஸ் வாஷ், ஒரே ஒரு சிகிச்சைப் பொருள், அதன்மேல் மாய்ஸ்சரைசர் ஆகியவை போதும். அத்தகைய சிகிச்சைப் பொருள்களுள் நியாசினமைடு, மெலனின் பிற செல்களுக்குச் செல்வதைக் குறைக்கிறது. அசெலாயிக் அமிலம் டைரோசினேஸைத் தடுக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் தொடங்கினால், எரிச்சல் எதனால் வந்தது என்று அறிய முடியாது. மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவே சில வாரங்கள் ஆகும் என்பதால், இரண்டு மூன்று மாதங்களாவது பொறுத்திருக்க வேண்டும். நீலச் சாம்பல் நிறத்தில் தெரியும் திட்டுகளில் மெலனின் உட்தோலில் இறங்கியிருக்கக்கூடும். அவை மேலும் தாமதமாகவே மறையும்.

ஒரே வாரத்தில் முகத்தை வெளுக்கச் செய்யும் கிரீம்கள் எனக்கு உண்மையாகவே கவலை தருகின்றன. அவற்றுள் சிலவற்றில் இருக்கும் ஸ்டீராய்டு, தொடர்ந்து பூசினால் தோலை மெலியச் செய்யும். நிறுத்தியதும் முகம் சிவந்து எரியும். வேறு சிலவற்றில் கலக்கப்படும் பாதரசம், தோல் வழியே உடலுக்குள் சென்று சிறுநீரகத்தைப் பாதிக்கும். உட்பொருள் பட்டியலும் தயாரிப்பாளர் முகவரியும் அச்சிடப்படாத எந்தக் கிரீமையும் முகத்தில் பூசாதீர்கள். ஏற்கெனவே பூசி வருபவர்கள் அந்த டப்பாவுடனேயே தோல் மருத்துவரைப் பாருங்கள்.