வான்கோழிக்கு முன் காகிதத்தைச் சுடுங்கள்

பென்சில்வேனியாவில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு எடுக்கிறேன். ஏப்ரல் பிறந்துவிட்டால் மாணவர்கள் தவறாமல் கேட்பது: "வான்கோழிக்கு எந்த சோக் வாங்கலாம்?"

ஷாட்கன் குழலின் வாயில் திருகிப் பொருத்தும் சிறு எஃகுக் குழாய்தான் சோக். தோட்டாவுக்குள் இருக்கும் சிறு உலோகக் குண்டுகளான ரவைகள் சிதறாமல் கொத்தாகப் போக அது வாயைக் குறுக்குகிறது. 12 கேஜ் என்ற அளவுள்ள குழலின் உள்விட்டம் பொதுவாக 0.729 அங்குலம். ஃபுல் சோக் என்ற வழக்கமான இறுக்க வகை அதைச் சுமார் 0.695 ஆக்கும். வான்கோழிக்கென்றே விற்பவை 0.660 வரைகூட இறுக்கும். வான்கோழியைத் தலையிலும் கழுத்திலும்தான் சுட வேண்டும். உடம்பில் நாலு ரவை வாங்கிய பறவை புதருக்குள் ஓடி, யார் கண்ணிலும் படாமல் வதைபட்டுச் சாகும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அழிவின் விளிம்புக்கே போய், காடு காடாகக் கொண்டுபோய் விட்டு மீட்கப்பட்ட பறவை இது. அப்படி அது வீணாவதை என்னால் ஏற்க முடியாது.

சோக் எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நல்லது என்றுதான் பலரும் நம்புகிறார்கள். சென்ற வசந்தத்தில் ஒரு மாணவர் கடையில் இருந்ததிலேயே இறுக்கமான சோக்கை வாங்கி வந்தார். 40 கெஜத்தில் காகிதம் கட்டிச் சுடவைத்தேன். ரவைகள் அடர்ந்து விழுந்த இடத்தில் 10 அங்குல வட்டம் வரைந்து, ஒவ்வொரு துளையையும் பேனாவால் புள்ளியிட்டு எண்ணினோம். 61. அதே தோட்டாவை அவருடைய பழைய ஃபுல் சோக்கில் போட்டுச் சுட்டபோது 108. வட்டத்துக்குள் குறைந்தது நூறு துளை தேறவேண்டும் என்பது எங்கள் கணக்கு. அளவுக்கு மீறி இறுக்கினால் ஈய ரவைகள் ஒன்றையொன்று நசுக்கிக்கொள்ளும். உருக்குலைந்த ரவை நேராகப் பறக்காது. போதாக்குறைக்குப் புது சோக்கில் கொத்தின் நடு, குறி வைத்த இடத்துக்கு ஒரு சாண் மேலே விழுந்திருந்தது. 15 கெஜத்திலும் சுட்டுப் பார்த்தோம்: கொத்து கைமுட்டி அளவுதான். தலையை வெட்டி வெட்டி நடக்கும் பறவையை அதில் தவறவிடுவது மிக எளிது.

எஃகு ரவை விஷயத்தில் மட்டும் சோதனைக்கே இடமில்லை. அது நசுங்காது. ஈயத்துக்கென்று செய்த இறுக்கமான சோக்கில் அதைச் சுட்டால் சோக்கோடு குழல்வாயும் வீங்கிக் கெடலாம். சோக்கின் மேல் எந்த ரவைக்கு என்று பொறித்திருப்பதைப் படியுங்கள். டங்ஸ்டன் ரவை பொதுவாக ஈயத்தைவிட அடர்த்தி கொண்டது, அதுவும் கடினமானது. தயாரிப்பாளர் அனுமதித்த சோக்கில் மட்டுமே போடுங்கள்.

சோக்கை மாற்றும் முன் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். சுடச் சுடத் திருகு தளரும். தளர்ந்த சோக்கோடு சுட்டால் குழல் பாழாகும். அவ்வப்போது துப்பாக்கியின் பாதுகாப்பு விசையை மாட்டி, தோட்டாவை எடுத்துவிட்டு இறுக்கிப் பாருங்கள்.

அந்த மாணவர் பழைய சோக்கையே மாட்டிக்கொண்டார். 50 கெஜத்தில் சுட்ட காகிதத்தில் வட்டத்துக்குள் பெரிய ஓட்டைகளாக இடைவெளி கண்டதும், அதன்மேல் "40 வரை மட்டும்" என்று எழுதி, மடித்துத் துப்பாக்கிப் பையிலேயே வைத்துக்கொண்டார்.