கடைசி விருப்பத்தைச் சட்டப்படி எழுதிவைப்பது எப்படி?

ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் உழைத்து முதுமை அடைந்தவர்கள், தங்கள் உயிர் சொந்த வீட்டிலேயே பிரிய வேண்டும் என்று சொல்வதுண்டு. ஆனால் நினைவு தப்பியதும் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்குக் கொண்டுவரப்பட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவில் வெண்டிலேட்டரோடு இணைக்கப்பட்டுவிட்டால், பெற்ற பிள்ளைகளுக்கே அந்த விருப்பத்தை எடுத்துச் சொல்லும் துணிவு வருவதில்லை. வாயால் சொன்னதை மருத்துவர்களும் பின்பற்றத்தக்க ஆவணமாக மாற்றுவதே ‘லிவிங் வில்’ எனப்படும் முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணம்.

ஊசி போட்டோ மருந்து கொடுத்தோ உயிரை முடித்துவைப்பது இந்தியாவில் இன்றும் குற்றமே; நோயாளி மன்றாடினாலும் மருத்துவர் அதைச் செய்ய முடியாது. குணமடையும் வாய்ப்பே இல்லாத நிலையில், சாவைத் தள்ளிப்போட மட்டும் உதவும் சிகிச்சையை மறுப்பதும், தொடங்கிவிட்டதை நிறுத்துவதுமே அனுமதிக்கப்பட்டவை. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்தோடு இறப்பதும் அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உரிமையே என்று தீர்ப்பளித்தது. அப்போது ஆவணத்தில் நீதித்துறை நடுவரின் மேலொப்பம் தேவைப்பட்டது. அது சாதாரண மக்களுக்கு எட்டாத நடைமுறையாக இருந்ததால், 2023 ஜனவரி 24 அன்று நீதிமன்றமே விதிகளை எளிதாக்கியது. வாழப் பிடிக்காத மனச்சோர்வுக்கு இந்த ஆவணம் வழியன்று. அத்தகைய எண்ணம் எழுந்தால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை (டெலிமானஸ்) எந்நேரமும் அழைக்கலாம்.

18 வயது நிறைந்த, தெளிந்த மனநிலையில் உள்ள எவரும், பிறர் வற்புறுத்தலின்றி இதை எழுதலாம். எந்த நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதை ஐயத்துக்கு இடமின்றிக் குறிப்பிட வேண்டும். தாம் பேச முடியாதபோது தம் சார்பில் ஒப்புதல் தர வேண்டிய உறவினர் அல்லது பாதுகாவலர் ஒருவருக்கு மேற்பட்டோரின் பெயர்களை எழுத வேண்டும். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிட்டு, நோட்டரி வழக்கறிஞரிடமோ பச்சை மையில் கையொப்பமிடும் அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரிடமோ சான்றொப்பம் பெற வேண்டும். சாட்சிகள் சொத்தில் பங்கில்லாத வெளியாட்களாக இருப்பது நல்லது என்பது என் கருத்து. ஒரு பிரதியைப் பெயர் குறிப்பிடப்பட்டவர்களிடமும், குடும்ப மருத்துவர் இருந்தால் அவரிடமும், இன்னொன்றை உள்ளாட்சி அமைப்பிலும் கொடுக்க வேண்டும். சேலம் நகரத்தில் அது மாநகராட்சி, மலைக் கிராமங்களில் ஊராட்சி. அங்கே இதற்கெனப் பொறுப்பாளர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்பது தீர்ப்பின் கட்டளை. அலுவலகத்தில் இதை அறியாதவர்கள் இருக்கக்கூடும் என்பதால், தீர்ப்பின் நகலோடு சென்று, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கிவருவது நலம்.

ஆவணம் உயிர்பெறுவது, நோய் முற்றி, மீளும் நம்பிக்கை அற்று, நோயாளி தாமே முடிவெடுக்க இயலாத நிலையை அடையும்போதுதான். அப்போது மருத்துவமனை, சிகிச்சை அளிக்கும் மருத்துவரையும் குறைந்தது ஐந்தாண்டு அனுபவமுள்ள இரண்டு வல்லுநர்களையும் கொண்ட முதல் குழுவை அமைக்கும். அதன் முடிவை, மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் மருத்துவர் இடம்பெறும் இரண்டாம் குழு ஆராயும். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒப்பி, பெயர் குறிப்பிடப்பட்டவர்களும் இசைந்தால், நீதித்துறை நடுவருக்குத் தெரிவித்துவிட்டுச் சிகிச்சை நிறுத்தப்படும். குழுக்கள் மறுத்தால் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். ஆவணம் எழுதாதவர்களுக்கும் நெருங்கிய உறவினரின் ஒப்புதலோடு இதே வழி உண்டு. ஆனால் அங்கே முடிவின் பாரம் முழுவதும் பிள்ளைகளின் தலையில் இறங்குகிறது, ‘அப்பாவை நாமே அனுப்பிவிட்டோமோ’ என்ற கேள்வி அவர்களை ஆண்டுக்கணக்கில் உறங்கவிடாது. இந்த ஆவணத்தை எழுதுவதற்கு எனக்குத் தெரிந்த மிக வலுவான காரணம் அதுவே.

எழுத உட்காருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாழ்ந்த வாழ்வைத் திரும்பிப் பார்ப்பதும், மன்னிப்புக் கேட்பதும், நன்றி சொல்வதும் சட்ட ஆவணத்தில் கலந்தால் அதன் தெளிவு கெடும். ஆகவே அவற்றைத் தனிக் கடிதமாக எழுதுவது நல்லது. யாரோடு இருபது ஆண்டுகளாகப் பேச்சில்லை, அடக்கமா எரியூட்டலா, தோட்டத்து வீட்டின் பூசை யார் பொறுப்பு, பேத்திக்குச் சொல்லாமல் விட்டது எது என்பனவெல்லாம் அதில் இடம்பெறலாம். அக்கடிதத்துக்குச் சாட்சியும் வேண்டாம், சான்றொப்பமும் வேண்டாம். நேரில் சொல்ல முடிந்தால், பிள்ளைகள் பொங்கலுக்கு ஊர் வந்திருக்கும் நாளிலேயே அனைவரையும் உட்காரவைத்துச் சொல்லிவிடலாம். கட்டிலில் கிடக்கும்போது விடைபெற நேரம் கிடைக்கும் என்று எவராலும் உறுதி கூற முடியாது.

சிகிச்சையை மறுப்பது, பராமரிப்பை மறுப்பதாகாது. வலி தணிக்கும் மருந்தும் செவிலியர் கவனிப்பும் கடைசிவரை நோயாளியின் உரிமை. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் வலிதணிப்புப் பராமரிப்பும் அடங்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதைக் கேட்டுப் பதிவு செய்துகொள்ளலாம்.

மனம் மாறினால், தெளிவோடு இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் ஆவணத்தைத் திருத்தவோ திரும்பப் பெறவோ முடியும். ஒன்றுக்கு மேற்பட்டவை இருந்தால் கடைசியாகக் கையொப்பமிட்டதே செல்லும். மூலப் பிரதியைப் பீரோவில் பூட்டிவைக்காமல், ஆம்புலன்ஸ் வரும் இரவில் வீட்டில் இருப்பவர் எடுத்துச் செல்லும்படி, மருத்துவச் சீட்டுகள் இருக்கும் பையிலேயே வைக்க வேண்டும்.